கறுப்பு மைக்கு அடியில் ஒரு பெயர்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு வைத்த பெயர் துருவி. பதினான்கு வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தவள். எதிரே வந்து உட்காருகிறவர் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. பிறந்த தேதி சொல்ல வேண்டும், கையில் கட்டியிருக்கும் பட்டையைக் காட்ட வேண்டும். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்றால், "டீ கூடவா இல்ல? பிஸ்கட்? மாத்திரை போட்டீங்களா, எத்தனை மணிக்கு?" என்று அடுக்குவாள். காய்கறியைத் துருவுகிற மாதிரி ஆளைத் துருவுகிறாள் என்று யாரோ சொல்லப் போக, பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது. பதினான்கு வருடத்தில் அவள் கையிலிருந்து ஒரு குழாய்கூட ஆள் மாறிப் போனதில்லை.

பிறகு அந்தக் கூடத்தையே மூடிவிட்டார்கள். வேலையை வெளியில் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். நாற்பத்தோரு வயதில் அவள் வீட்டில் உட்கார்ந்தாள். எட்டு மாதம் கழிந்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை, பாப்பா போன் செய்தாள்.

பாப்பா என்றால் கைக்குழந்தை அல்ல, துருவியின் நாத்தனார். முப்பத்தைந்து வயதிலும் வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் பாப்பா. ஆறு வருடமாக அண்ணியோடு பேச்சுவார்த்தை இல்லை. அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளை வேலை செய்வதாகச் சொன்ன கம்பெனிக்குத் துருவி நேரிலேயே போய் விசாரித்தாள். அவன் வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது என்று தெரிந்தது. இரண்டு வீட்டாரும் கூடியிருந்த இடத்தில் அதைப் போட்டு உடைத்தாள். கல்யாணம் நின்றது. அன்றிலிருந்து பாப்பா அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அப்படிப்பட்டவள் போனில், "அண்ணி, எங்க ஆபீஸ்ல ஒரு வேலை இருக்கு. உங்க பேரைக் குடுத்திருக்கேன். வர்ற வியாழக்கிழமை பதினோரு மணிக்கு இன்டர்வியூ. படிக்கிறதுக்கு ஒரு கட்டு அனுப்புறேன்" என்றாள்.

"என் பேரையா?"

"ஆமா."

"ஏன்?"

"ஏன்னா என்ன அண்ணி? உங்களுக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

போனை வைத்த பிறகும் துருவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். கையில் ஒட்டிய கிரீஸைத் துணியால் துடைத்தபடி, "என்னம்மா, பேய் பேசுன மாதிரி உக்காந்திருக்க?" என்றான்.

"உங்க தங்கச்சி எனக்கு வேலை வாங்கித் தர்றாளாம்."

"நல்லதுதானே."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்கு."

"ஓநாய்ங்கிறது என் தங்கச்சியா?"

"ஆடு நான்தான். அது மட்டும் எனக்குத் தெரியும்."

பாப்பா வேலை செய்யும் நிறுவனம், புது மருந்துகளை ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பலன் என்ன, பக்க விளைவு என்ன என்று ஆராய்வது. பாப்பாவுக்கு அங்கே கோப்புப் பிரிவு. காலியாக இருந்தது கோஆர்டினேட்டர் வேலை. ஆய்வில் சேருகிறவர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கி, அவர்கள் மனதார ஒத்துக்கொண்டார்களா என்று பார்த்து, குறித்த நாளில் வரவழைத்து, நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிற வேலை.

சனிக்கிழமையே கட்டு வந்தது. கேள்விகள் கொண்ட நான்கு பக்கம், விதிமுறைகள் இருபது பக்கம், 'மாதிரிக் கோப்பு' என்று ஒட்டிய இருபத்தாறு பக்கம். கேள்விகளில் ஒன்பதுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக டிக். துருவிக்கு அந்த டிக் கண்ணை உறுத்தியது. இவற்றைத்தான் கேட்பார்கள் என்று அர்த்தமா? இல்லை, இவற்றைப் படித்துவிட்டுப் போய் மற்றவற்றில் விழட்டும் என்றா? டிக் போடாத கேள்விகளை முதலில் படித்தாள். பிறகு, இப்படித்தான் செய்வேன் என்று பாப்பாவுக்குத் தெரியுமே என்று தோன்றியதும், டிக் போட்டவற்றையும் படித்தாள். ஆக எல்லாவற்றையும் படித்தாயிற்று.

படிக்கப் படிக்க அவளுக்கே ஆச்சரியம். எழுதியதில் பிழை வந்தால் வெள்ளை மை போட்டு மறைக்கக் கூடாதாம். ஒரே ஒரு கோடு இழுத்து, பழைய எழுத்து தெரியும்படி விட்டு, பக்கத்தில் திருத்தியவர் கையெழுத்தும் தேதியும் போட வேண்டுமாம். சில ஆய்வுகளில் யாருக்கு உண்மையான மருந்து, யாருக்குச் சும்மா மாத்திரை என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. அதைக் கணவனிடம் படித்துக் காட்டினாள்.

"ரெண்டு பேருக்கும் தெரியாதா? அப்ப நம்ம வீட்டுச் சமையல் மாதிரின்னு சொல்லு" என்றான் அவன். அன்று சமைத்தது அவன்தான்.

அவனையே எதிரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கச் சொன்னாள். அவன் தாளைக் கையில் பிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்களிடம் இருக்கும் குறை என்ன?" என்று படித்தான்.

"எதையும் சட்டுனு நம்ப மாட்டேன்."

"அதைச் சொல்லாதம்மா. பொறுமை கொஞ்சம் கம்மின்னு சொல்லு. எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க."

"எல்லாரும் சொல்ற பொய்யை நானும் சொன்னா அவங்க நம்புவாங்களா?"

அவன் தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்துபோனான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் மாதிரிக் கோப்பை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மாதிரி என்றார்களே தவிர, அது யாரோ ஒரு நிஜ நோயாளியின் தாள்களின் நகல் என்று பார்த்ததுமே தெரிந்தது. பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. ஆறாம் பக்கத் தேதியும் ஒன்பதாம் பக்கத் தேதியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க ஒன்பதாம் பக்கத்தைத் தூக்கிப் பிடித்தாள். பின்னாலிருந்து வெயில் பளீரென்று அடித்தது. கறுப்புப் பட்டைக்குள்ளே எழுத்துகள் எழுந்து வந்தன.

முதலில் கண்ணில் பட்டது கதவு எண். பிறகு கட்டடத்தின் பெயர். அது அவள் குடியிருக்கும் கட்டடம். தாளை இறக்கி வைத்தாள். வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே மறுபடி தூக்கினாள். கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்திருப்பவரின் பெயர். கல்லீரல் நோய். ஆறு மாதமாக ஆய்வு மருந்து.

தையல்காரர் தனியாள். குடிப்பழக்கம் அறவே இல்லாதவர். ஆனால் கல்லீரல் என்றாலே குடி என்று முடிச்சுப் போடுகிற தெரு அது. ஒன்றுவிட்டு ஒரு செவ்வாய்க்கிழமை கடையைச் சாத்திவிட்டு, நூல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிப் போவார். ஒரு மனிதனுக்கு இவ்வளவு நூல் எதற்கு என்று துருவி பல தடவை யோசித்ததுண்டு. இப்போது விடை கிடைத்துவிட்டது. ஏன் கிடைத்தது என்றுதான் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் மூளை ஓடிய ஓட்டம் கொஞ்சமல்ல. இது சோதனையோ? கண்டுபிடிக்கிறாளா பார்ப்போம் என்று வேண்டுமென்றே வைத்ததோ? அப்படியானால் அவள் கட்டடத்து ஆளையே தேடிப் பிடித்து வைப்பார்களா? பாப்பா வைப்பாள். அண்ணி எதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள் என்று அவளுக்குத் தெரியும். சொன்னால், மறைத்து வைத்ததை ஏன் பார்த்தாய் என்பார்கள். சொல்லாவிட்டால், இதைக்கூடக் கவனிக்காதவளா என்பார்கள். இருதலைக் கொள்ளி எறும்பு மாதிரி கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தாள்.

சாயங்காலம் கணவனிடம், "கோப்புல ஒருத்தர் பேர் வெளிய தெரியுதுங்க" என்று மட்டும் சொன்னாள்.

"யாரு?"

"சொல்ல மாட்டேன்."

"எனக்குத் தெரிஞ்ச ஆளா?"

"அதையும் சொல்ல மாட்டேன்."

இருபது வருடத்தில் முதல் தடவையாக அவன் அவளைச் சந்தேகமாகப் பார்த்தான்.

புதன்கிழமை காலை, பாப்பா ஆபீசுக்குக் கிளம்புவதற்கு முன்பே, அவள் குடியிருக்கும் ஒற்றை அறைக்குப் போய்க் கதவைத் தட்டினாள். பாப்பா கையில் இஸ்திரிப் பெட்டியோடு கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவரில் அண்ணன் எடுத்த பழைய குடும்பப் படம். அதில் துருவியும் இருந்தாள். கத்தரித்து எடுக்கவில்லை.

"கேக்குறதுக்கு நேராப் பதில் சொல்லு. இந்தக் கோப்புல கறுப்படிச்சது யாரு?"

"நான்தான். ஏன்?"

துருவி ஒன்பதாம் பக்கத்தை ஜன்னல் கண்ணாடி மேல் வைத்து அழுத்தினாள். பாப்பா வந்து பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியை மேசைமேல் நிமிர்த்தி வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"மை அடிச்சப்புறம் இன்னொரு நகல் எடுத்து, அதைத்தான் அனுப்பணும்" என்றாள் மெல்ல. "அன்னிக்கு மெஷின்ல தாள் சிக்கிக்கிச்சு. கூரியர்காரன் வாசல்ல நின்னான். அப்படியே மடிச்சுப் போட்டுட்டேன்."

"எத்தனை பேருக்கு?"

"ஏழு பேருக்கு."

"இது யாருன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது அண்ணி. எனக்கு நம்பர் மட்டும்தான். மை அடிக்கும்போது யாரு படிச்சுக்கிட்டு இருப்பா?"

துருவி அவள் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்கிறவர்களின் முகத்தை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். சாப்பிட்டுவிட்டு வெறும் வயிறு என்று சொன்னவர்கள் எத்தனை பேர்! இந்த முகத்தில் பயம் மட்டும்தான் இருந்தது.

"யார்கிட்ட எல்லாம் சொன்னீங்க?" என்றாள் பாப்பா.

"உன்கிட்டதான் முதல்ல. உங்க அண்ணன்கிட்டகூட யாருன்னு சொல்லல."

பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். "இதை அன்னிக்கு ஏன் செய்யல?"

"என்னிக்கு?"

"அவன் பொய்க்காரன்னு நீங்க கண்டுபிடிச்சது தப்பே இல்ல அண்ணி. ஆனா அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்க. எங்கிட்டத் தனியா சொல்லியிருந்தா, எனக்கு வேண்டாம்னு நானே சொல்லியிருப்பேன். நான் வேண்டாம்னு சொன்னதா இருந்திருக்கும்."

"அது எனக்குத் தோணல" என்றாள் துருவி. அவள் அகராதியில் மன்னிப்புக்கு மிகப் பக்கத்தில் இருந்த வார்த்தை அதுதான்.

பிறகு கேட்டாள்: "எனக்கு எதுக்கு இந்த வேலை? உண்மையைச் சொல்லு."

"இதுக்கு முன்னாடி இருந்த ரெண்டு பேரும் தேதி தப்பு, கையெழுத்து விடுபட்டது, எல்லாம் என் தலையில கட்டிட்டுப் போனாங்க. உங்களை மாதிரி ஒருத்தி வந்தா என் வேலை பாதியாக் குறையும். அவ்வளவுதான். உங்க மேல பாசம் பொங்கி வழிஞ்சுதுன்னு நினைச்சுக்காதீங்க."

இந்தப் பதில் துருவிக்கு நிம்மதியாக இருந்தது. பாசம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

"சரி. நாளைக்குப் பதினோரு மணிக்கு நான் உள்ள போறேன். அதுக்குள்ள நீயே போய் மேலிடத்துல சொல்லிடு. நீ சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்."

"வேலை போயிடும் அண்ணி."

"போகலாம்."

"மிரட்டுறீங்களா?"

"இல்ல. முன்கூட்டியே சொல்றேன். அன்னிக்குச் சொல்லல. இன்னிக்குச் சொல்றேன்."

பாப்பா இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள். துருவி படியிறங்கினாள்.

அன்று முழுவதும் போன் வரவில்லை. மாலையில் தையல் கடைக்குப் போனாள். இன்டர்வியூவுக்குப் போட்டுக்கொள்ளப் பழைய சாம்பல் நிறக் கோட்டை இடுப்பில் பிடிக்கக் கொடுத்திருந்தாள். தையல்காரர் கோட்டை உதறிக் காட்டினார். கண்ணின் வெள்ளையில் இலேசான மஞ்சள். இத்தனை நாள் அது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று?

"நாளைக்கா இன்டர்வியூ? தைரியமாப் போங்க. நீங்க கேக்குற கேள்வியில அவங்கதான் பயப்படணும்" என்று சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கோட்டை வாங்கிக்கொண்டு, வழக்கமாகப் பார்க்கிற தையலைக்கூடச் சரிபார்க்காமல், வேகமாகப் படியேறினாள். அவர் பின்னாலிருந்து, "பாக்கலையா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

வியாழக்கிழமை பத்தே முக்காலுக்கு அந்த அலுவலகத்தில் இருந்தாள். ஐந்தாம் மாடி. கண்ணாடிக் கதவு, நீல நாற்காலிகள். அவளுக்கு முன்பே இரண்டு பேர் காத்திருந்தார்கள். பாப்பாவை எங்கும் காணோம். வரவேற்பு மேசைப் பெண், "உங்களுக்கு அனுப்புன கட்டைக் குடுங்க, பக்கம் எண்ணிக்கிட்டு கையெழுத்து வாங்கிக்கிறேன்" என்று கை நீட்டினாள்.

துருவிக்குச் சுருக்கென்றது. ஏன் திருப்பி வாங்குகிறார்கள்? பாப்பா சொல்லிவிட்டதாலா? இல்லை, சொல்லாமலே சாட்சியை அழிக்கப் பார்க்கிறாளா? கட்டைக் கொடுத்துவிட்டால் கையில் என்ன இருக்கும்?

"யாரு வாங்கச் சொன்னாங்க?"

"மேல இருந்து சொன்னாங்க மேடம்."

"எப்போ?"

"இப்பதான், காலைல."

"ஏன்னு சொன்னாங்களா?"

அந்தப் பெண் அப்படியொரு கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "தெரியல மேடம்" என்றாள்.

"அப்ப இது என் கையிலேயே இருக்கட்டும். உள்ள குடுக்கிறேன்." இரண்டு கையாலும் கட்டைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மற்ற இருவரும் அவளைப் பார்த்தார்கள். வேலை கிடைக்கிறதோ இல்லையோ, பெயர் மட்டும் கிடைத்துவிடும் என்று அவளுக்கே தோன்றியது.

உள்ளே இரண்டு பேர். தலை நரைத்த ஒரு டாக்டரம்மா. லேப்டாப்பை விட்டுக் கண் எடுக்காத ஒரு மேலாளர். படித்து வைத்த கேள்வி எதிலும் ஆரம்பிக்கவில்லை. டாக்டரம்மா எடுத்த எடுப்பில், "கட்டைத் தர மாட்டேன்னீங்களாமே?" என்றார்.

"தர்றேன். எதுக்குன்னு தெரிஞ்சா."

மேலாளர் நிமிர்ந்தார். டாக்டரம்மா மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "காலைல எட்டு மணிக்கு எங்க கோப்புப் பிரிவுல இருந்து ஒருத்தங்க வந்து, தான் செஞ்ச ஒரு தப்பைச் சொன்னாங்க. ஏழு கட்டையும் திரும்ப வாங்கணும்னு சொன்னது நான்தான். அதைக் கண்டுபிடிச்சது தான் இல்ல, இன்னொருத்தர்னும் சொன்னாங்க. யாருன்னு சொல்லல."

துருவிக்குத் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. கட்டை மேசைமேல் வைத்தாள். "அம்பது பக்கமும் இருக்கு. எண்ணிக்கோங்க. கண்டுபிடிச்சது நான்தான். அவங்க என் நாத்தனார். அதையும் சொல்லிடுறேன், அப்புறம் மறைச்சேன்னு வரக்கூடாது."

"நல்லது" என்றார் மேலாளர். "இது உள்விவகாரம். நாங்க பாத்துக்கிறோம். இப்ப இன்டர்வியூவுக்கு வருவோம்."

"ஒரு கேள்வி கேக்கலாமா?"

"கடைசியில கேளுங்க."

"கடைசி வரைக்கும் தாங்காது சார். இந்தப் பேருக்கு உரியவர்கிட்ட யாரு சொல்லப் போறீங்க? என்னிக்கு?"

மேலாளர், "அவர்கிட்ட சொன்னா வீணாப் பயப்படுவார். தாள்தான் திரும்பி வந்தாச்சே" என்றார்.

"தாள் வந்துச்சு. நான் படிச்சது எப்படித் திரும்பி வரும்? மத்த ஆறு பேர் படிச்சாங்களா இல்லையான்னு உங்களுக்குத் தெரியுமா?"

டாக்டரம்மா பேனாவை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். அதன் பிறகு நடந்த இன்டர்வியூ பத்து நிமிடம்கூட இல்லை. மேலாளர் கேட்ட கேள்விகளில் உயிர் இல்லை. "உங்களிடம் இருக்கும் குறை என்ன?" என்று கேட்டபோது மட்டும் அவரே இலேசாகப் புன்னகைத்துவிட்டு, "சரி, அதை விடுங்க" என்றார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. நேரம் ஒதுக்கி வந்ததற்கு நன்றி, வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். கணவன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல?" என்றான். அவள், "இருந்திருக்கலாம்" என்றாள். பாப்பாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, வேலையில் வைத்துக்கொண்டார்கள். அவளே போன் செய்து சொன்னாள். "உங்களால எனக்கு ஒரு கடுதாசி, என்னால உங்களுக்கு ஒரு கடுதாசி. கணக்கு சரியாப் போச்சு அண்ணி." ஆறு வருடத்துக்குப் பிறகு இருவரும் போனில் சிரித்தார்கள்.

மூன்று வாரம் கழித்துத் தையல் கடைக்கு ஒரு திரைச்சீலையை எடுத்துக்கொண்டு போனாள். தையல்காரர் அதை வாங்கி மேசைமேல் போட்டுவிட்டு, வழக்கமில்லாமல் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. யாரோ வந்து சொல்லியிருக்கிறார்கள்.

"அண்ணா, உங்க தாளைப் பாத்தது நான்தான்" என்றாள். சுற்றி வளைக்கவில்லை. போன் வந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் தையல் மெஷின் சக்கரத்தைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "அந்த டாக்டரம்மா போன வாரம் மன்னிப்புக் கேட்டாங்க. யாரு பாத்தாங்கன்னு சொல்லல. அன்னியிலிருந்து கடைக்கு வர்ற ஒவ்வொரு முகத்தையும் இவரா, இவங்களான்னு பாத்துக்கிட்டிருக்கேன். பட்டன் தைக்க வந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக்கூட விடல. எப்படித்தான் சில பேர் வாழ்நாள் பூரா இப்படியே இருக்காங்களோ!"

துருவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"வீட்டுல சொன்னீங்களா?"

"அவர்கிட்டகூடச் சொல்லல."

அவர் பெருமூச்சு விட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. அந்தத் தாள்ல என் உடம்பைப் பத்தி என்ன எழுதியிருந்துச்சு? கையெழுத்துப் போடு, ரத்தம் குடு, போயிட்டு வான்னு சொல்றாங்களே தவிர, எனக்கு ஒண்ணும் விளங்கல. கேக்கவும் கூச்சமா இருக்கு" என்றார்.

அவள் நிமிர்ந்தாள். "அந்தத் தாளை வெச்சு நான் சொல்லக் கூடாதுண்ணா. ஆனா அடுத்த செவ்வாய்க்கிழமை நீங்க சம்மதிச்சா கூட வர்றேன். அவங்களே சொல்லட்டும்."

"நீங்க கேட்டாச் சொல்லுவாங்களா?"

"சொல்ற வரைக்கும் கேப்பேன்."

செவ்வாய்க்கிழமை இருவரும் ஒரே பேருந்தில் போனார்கள். புது கோஆர்டினேட்டர் பெண் ஐந்தே நிமிடத்தில் முடிக்கப் பார்த்தாள். துருவி விடவில்லை. இந்த மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும், வேண்டாம் என்றால் பாதியில் விலகலாமா, விலகினால் வழக்கமான வைத்தியம் கிடைக்குமா, மஞ்சள் கூடினால் யாருக்குப் போன் செய்ய வேண்டும், அந்த நம்பரை யார் எடுப்பார்கள். அந்தப் பெண் திணறி, டாக்டரம்மாவையே கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். அவர் நின்றுகொண்டே ஆரம்பித்து, பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நாற்பது நிமிடம் விளக்கினார். மருந்து கேட்கிறது, போன மாதத்தைவிட இப்போது பரவாயில்லை என்பதைத் தையல்காரர் அன்றுதான் தெரிந்துகொண்டார். திரும்பி வந்து பேருந்திலிருந்து இறங்கும்போது, "அந்தத் திரைச்சீலை நாளைக்கே ரெடி" என்றார்.

இன்னும் ஐந்து வாரம் போயிற்று. ஒரு நாள் காலையில் டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. அந்த கோஆர்டினேட்டர் பெண் வேலையை விட்டுவிட்டாளாம். உடனே வர முடியுமா என்று கேட்டார்.

"அவங்க ஏன் விட்டுட்டுப் போனாங்க?" என்றாள் துருவி.

"வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு."

"விசாரிச்சீங்களா?"

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "இல்ல. நீங்க வந்து விசாரிங்க."

"மேலாளருக்குச் சம்மதமா?"

"அரை மனசா."

"அரை மனசுன்னா பரவாயில்ல. முழு மனசுன்னு சொல்லியிருந்தீங்கன்னா ரெண்டு நாள் யோசிச்சிருப்பேன்" என்றாள் துருவி. திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வர வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். எழுதியதை ஒரு தடவை திருப்பிப் படித்துக் காட்டி, சரிதான் என்று அவர் வாயால் சொன்ன பிறகே போனை வைத்தாள்.